ஒரு வரியில் அடங்காத வைத்தியர்: ருடோல்ப் விர்ச்சோ

உயர்தர உயிரியல் படிக்கும் எங்களுக்கு ருடோல்ப் விர்ச்சோ என்ற பெயர் ஒரேயொரு வரியில் அறிமுகமாகிறது. எல்லாக் கலங்களும் முன்பிருந்த கலங்களிலிருந்தே தோன்றுகின்றன என்று கூறியவர் அவர். கலக்கொள்கையில் மூன்றாவது கருத்து அவருடையது. வினாத்தாளில் கேட்டால் அதை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். கடந்த விடுமுறையில் நூலகத்தில் வேறொன்றைத் தேடப்போய் அவருடைய வாழ்க்கையை வாசிக்க நேர்ந்தது. நுணுக்குக்காட்டியின் முன்னால் குனிந்திருந்த ஒரு மனிதரை எதிர்பார்த்திருந்தேன். பசியால் வாடிய கிராமங்களில் குடிசை குடிசையாக ஏறி இறங்கிய ஓர் இளைஞரைக் கண்டேன். அந்த இளைஞரைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

விர்ச்சோ 1821ஆம் ஆண்டு ஒக்டோபர் 13ஆம் திகதி, அன்றைய பிரஷ்யா இராச்சியத்தின் பொமரேனியா பகுதியில் ஷிவெல்பைன் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோருக்கு ஒரே பிள்ளை. தந்தை விவசாயி. ஊர்ப் பணத்துக்குக் கணக்கு வைக்கும் பொறுப்பும் அவரிடம் இருந்தது. மகனை மருத்துவம் படிக்கவைக்கும் அளவுக்குக் குடும்பத்தில் வசதி இல்லை. ஆனால் பெர்லினில் இராணுவத்துக்கு வைத்தியர்களை உருவாக்கும் கல்வி நிலையம் ஒன்று இருந்தது. திறமையுள்ள வசதி குறைந்த மாணவர்களுக்கு அங்கு அரச செலவில் கற்க முடிந்தது. 1839இல் அதில் சேர்ந்தார். 1843இல் வைத்தியரானார். பின்னர் பெர்லினின் புகழ்பெற்ற ஷாரிட்டே வைத்தியசாலையில் பிரேதப் பரிசோதனைப் பிரிவில் பணிபுரிந்தார்.

அவருடைய கூர்மையான பார்வை வெகு சீக்கிரமே வெளிப்பட்டது. நாளங்களில் குருதி எப்படி உறைகிறது, அந்த உறைவின் ஒரு துண்டு கழன்று சென்று நுரையீரலில் எவ்வாறு அடைத்துக்கொள்கிறது என்பதை அவர் விளக்கினார். வெண்குருதிக் கலங்கள் அளவுக்கு மீறிப் பெருகும் நோயை 1845இல் விவரித்தார். லியூக்கேமியா என்று இன்று நாம் சொல்லும் பெயர் அவர் வைத்ததே. 1847இல், இருபத்தைந்து வயதில், நண்பர் ஒருவருடன் சேர்ந்து மருத்துவ ஆய்விதழ் ஒன்றையும் தொடங்கினார். அப்படியே ஆய்வுகூடத்துக்குள் இருந்திருந்தாலும் அவர் பெரிய மனிதராகியிருப்பார். ஆனால் 1848 பெப்ரவரியில் அரசாங்கம் அவரை ஒரு பயணம் அனுப்பியது.

மேல் சைலீசியா என்பது பிரஷ்யாவின் தென்கிழக்கு மூலை. அங்கு வாழ்ந்தவர்களில் பெரும்பாலானோர் போலிஷ் மொழி பேசிய ஏழை விவசாயிகள். ஆட்சி மொழியோ ஜேர்மன். உருளைக்கிழங்குதான் அவர்களுடைய பிரதான உணவு. அந்தப் பயிர் அடுத்தடுத்து அழிந்தது. 1847இல் மழையும் வெள்ளமும் எஞ்சியதையும் கொண்டுபோயின. பஞ்சம் வந்தது. பஞ்சத்தின் பின்னால் டைபஸ் காய்ச்சல் வந்தது. மக்கள் ஆயிரக்கணக்கில் இறந்தனர். அரசாங்கம் நீண்டகாலம் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. பத்திரிகைகள் விடாமல் எழுதிய பிறகுதான் ஏதாவது செய்தாக வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. பாரெஸ் என்ற மூத்த வைத்தியர் ஒருவர் அனுப்பப்பட்டார். நோயின் தன்மையை ஆராய விர்ச்சோவும் அவருடன் போனார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

பெப்ரவரி 20ஆம் திகதி புறப்பட்டவர் மார்ச் மாதம் 10ஆம் திகதியளவில் திரும்பிவிட்டார். மூன்று வாரங்கள்கூட இல்லை. ரைப்னிக், பிளெஸ் மாவட்டங்களில் சுற்றினார். சோராவ் என்ற சிறு நகரத்தில் தங்கியிருந்து அயற்கிராமங்களுக்குச் சென்றார். அங்கே அவர் எதைப் பார்த்தார் என்பதைவிட எப்படிப் பார்த்தார் என்பதுதான் என்னைக் கவர்ந்தது.

நோயை ஆராயப் போன வைத்தியர் என்ன செய்வார்? காய்ச்சலின் அளவையும் உடலில் தோன்றும் தழும்புகளையும் குறிப்பார், இறந்தவரின் உறுப்புகளைப் பரிசோதிப்பார். விர்ச்சோ இவற்றையெல்லாம் செய்தார். அதோடு நிற்கவில்லை. வீட்டின் சுவர் எதனால் ஆனது, ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், ஆடுமாடுகள் எங்கே கட்டப்படுகின்றன, காலையில் என்ன உண்கிறார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை குளிக்கிறார்கள், பிள்ளைகள் எந்த மொழியில் படிக்கிறார்கள், நிலம் யாருக்குச் சொந்தம், அந்த நிலத்தின் வருமானம் எந்த நகரத்தில் செலவழிக்கப்படுகிறது என்றெல்லாம் கேட்டு எழுதினார். மரக்கட்டைகளை அடுக்கிக் களிமண் பூசிய ஓரறை வீடுகள். குளிர்காலம் முழுவதும் குடும்பமே அடுப்பைச் சுற்றி நெருங்கிக் கிடக்கும். கதவைத் திறந்தால் சூடு போய்விடும் என்பதால் காற்றும் வராது. உருளைக்கிழங்கும் பாலும் புளிக்கவைத்த கோவாவும்தான் சாப்பாடு. மீதியை மலிவான மதுபானம் நிரப்பியது.

அதிகாரிகளிடம் இதற்கெல்லாம் ஒரு விளக்கம் ஆயத்தமாக இருந்தது. அந்த மக்கள் சோம்பேறிகள், அழுக்கானவர்கள், குடிகாரர்கள், சொன்னால் கேட்கமாட்டார்கள் என்பதே அது. இந்த இடத்தில் விர்ச்சோவைப் புனிதராக்க நான் விரும்பவில்லை. அவருடைய அறிக்கையிலும் அம்மக்களைப் பற்றிக் கடுமையான சொற்கள் இருக்கின்றன. அசுத்தத்தையும் அசட்டையையும் மேலிடத்துக்கு முன்னால் கூனிக் குறுகும் பழக்கத்தையும் அவரும் கண்டார். கண்டதை மறைக்கவில்லை. ஆனால் மற்றவர்கள் நிறுத்திய இடத்தில் அவர் தொடங்கினார். இந்தப் பழக்கங்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டார். தலைமுறை தலைமுறையாகப் பிறருடைய நிலத்தில் கூலியின்றி உழைத்தவன், உழைப்பினால் தனக்கு ஏதாவது கிடைக்கும் என்று எதை வைத்து நம்புவான்? தன் மொழி தெரியாத அதிகாரி சொல்வதை எதற்காகக் கேட்பான்? வாசிக்கத் தெரியாதவனிடம் சுகாதார அறிவித்தலைக் கொடுத்து என்ன பயன்? மனிதரின் நடத்தைக்கு அவர்கள் வாழும் நிலைமையில் காரணம் தேட வேண்டும் என்பதை, சமூகவியல் ஒரு பாடமாகப் பல்கலைக்கழகங்களுக்குள் நுழைவதற்கு முன்பே அவர் செய்து காட்டினார்.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் உம்மம்மாவின் நினைவு வந்தது. அவருக்கு நீண்டகாலமாகச் சீனி வருத்தம். ஒருமுறை கிளினிக்கிலிருந்து திரும்பியபோது கையில் இருந்த துண்டில் புதிய மருந்தொன்று எழுதப்பட்டிருந்தது. சாப்பாட்டுக்கு முன்னர் எடுக்க வேண்டும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். சொல்லப்பட்ட மொழி உம்மம்மாவுக்குப் பாதிதான் விளங்கும். கேட்டால் ஏசுவார்கள் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். இரண்டு மாதம் மருந்தைப் பிழையாகவே குடித்தார். அடுத்த முறை சென்றபோது அசட்டையான ஆள் என்று பேச்சு வாங்கியதுதான் மிச்சம். வீட்டில் நாங்களும் அப்படித்தான் சொன்னோம் என்பதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. சைலீசிய மக்களுக்கும் எங்கள் உம்மம்மாவுக்கும் இடையில் நூற்று எழுபது வருடத்துக்கும் மேற்பட்ட தூரம் இருக்கிறது. அந்தத் தலையாட்டல் மட்டும் ஒன்றுதான்.

விர்ச்சோவின் அறிக்கை அதே ஆண்டில் அவருடைய ஆய்விதழில் வெளிவந்தது. ஒரு வைத்தியர் எழுதிய அறிக்கையில் எந்தெந்த மருந்துகளைக் கொடுப்பது என்பதே முதலிடம் பெறும் என்றுதான் அரசாங்கம் எதிர்பார்த்திருக்கும். அவர் பரிந்துரைத்தவை வேறு. அம்மக்கள் தங்கள் விவகாரங்களைத் தாங்களே நடத்தும் உரிமை, ஆண் பெண் இருபாலாருக்கும் கல்வி, போலிஷ் மொழிக்கு உரிய இடம், ஏழைகளின் தோளிலிருந்து வரிச்சுமையை இறக்குதல், பாதைகள் அமைத்தல், விவசாயத்தைத் திருத்துதல், மக்கள் கூடித் தொழில் செய்யும் சங்கங்கள். இவற்றைத்தான் டைபஸுக்கு மருந்தாக எழுதினார். அரசாங்கம் உதவி மாவைத் தாமதமாகவே கொடுத்தது என்பதையும், பெருநிலக்கிழார்கள் அந்த மண்ணின் செல்வத்தைத் தூர நகரங்களில் செலவழித்தனர் என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். அங்கு செல்வாக்குப் பெற்றிருந்த மதகுருமாரையும் விடவில்லை. அவர்களைப் பற்றி அவர் எழுதியதில் நியாயம் எவ்வளவு, அவருடைய சொந்த வெறுப்பு எவ்வளவு என்பது வரலாற்றாசிரியர்கள் பேசவேண்டிய விடயம். நோயாளிகளுக்குத் தொண்டு செய்ய முன்வந்தவர்களில் மதத் துறவிகளும் இருந்தார்கள் என்பதும் உண்மை.

சில தொற்றுநோய்கள் இயற்கையாக வருபவை, சில தொற்றுநோய்களை மனித சமூகமே உண்டாக்குகிறது என்று அவர் பிரித்துக் கூறினார். மருத்துவத்தை ஒரு சமூக அறிவியலாகவே கருத வேண்டும் என்றும், ஏழைகளுக்காக வாதாட வேண்டியவர்கள் வைத்தியர்களே என்றும் அடுத்துவந்த மாதங்களில் தொடர்ந்து எழுதினார்.

டைபஸ் நோய் எப்படிப் பரவுகிறது என்பது விர்ச்சோவுக்குத் தெரியாது. உலகில் எவருக்கும் அப்போது தெரியாது. நோய் தருவது ஒரு நுண்ணங்கி, அதை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கொண்டுசெல்வது உடலில் ஒட்டும் பேன் என்ற உண்மை வெளிவர இன்னும் அறுபது வருடங்களுக்கு மேல் எடுத்தது. 1909இல் தூனிஸ் நகரில் பணியாற்றிய சார்ள்ஸ் நிக்கோல் என்ற பிரெஞ்சு வைத்தியர்தான் அதைக் கண்டறிந்தார். வைத்தியசாலை வாசல்வரை நோயைப் பரப்பிக்கொண்டு வருபவர்கள், உள்ளே குளிப்பாட்டப்பட்டு உடை மாற்றப்பட்ட பின் எவருக்கும் நோயைக் கொடுப்பதில்லை என்பதை அவர் கவனித்தார். அப்படியானால் நோய் இருந்தது உடுப்பில் என்று புரிந்துகொண்டார். 1928இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இப்போது விர்ச்சோவின் பட்டியலைத் திரும்பப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. மாற்று உடுப்பு வாங்கப் பணமும், துவைத்துக் குளிக்க வசதியும், நெருங்கிப் படுக்கத் தேவையில்லாத வீடும் இருந்தால் பேன் எங்கே தங்கும்? காரணம் தெரியாமலேயே மருந்தைச் சரியாக எழுதியிருந்தார்.

பெர்லினுக்குத் திரும்பி ஒரு வாரமளவில் அங்கே புரட்சி வெடித்தது. 1848 மார்ச் 18ஆம் திகதி வீதித் தடைகளைக் கட்டியவர்களுடன் விர்ச்சோவும் நின்றார். சைலீசியாவைப் பார்த்துவிட்டு வந்த ஒருவரால் வீட்டுக்குள் இருந்திருக்க முடியாதுதான். ஜூலை மாதத்தில் மருத்துவச் சீர்திருத்தத்துக்கென்றே ஒரு வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அது ஒரு வருடம்தான் ஓடியது. புரட்சி தோற்றது. 1849இல் அவருடைய பதவி பறிபோனது. அரசியலில் தலையிடுவதில்லை என்ற உறுதியுடன் தெற்கே வூர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். 1850இல் ரோஸ் மாயர் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். ஆறு பிள்ளைகள்.

நாங்கள் படிக்கும் அந்த ஒரு வரி வூர்ஸ்பேர்க்கில்தான் பிறந்தது. ஆனால் அங்கும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. 1852இல் ஷ்பெசார்ட் மலைப்பகுதியில் பட்டினி பரவியபோது அங்கும் போய்ப் பார்த்து அறிக்கை எழுதினார். 1856இல் பெர்லின் அவரைத் திரும்ப அழைத்தது. இரண்டு வருடத்தில், இருபது விரிவுரைகளைத் தொகுத்துக் கல நோயியல் பற்றிய அவருடைய பெரிய நூல் வெளிவந்தது. உடல் என்பது கலங்களாகிய குடிமக்கள் வாழும் ஒரு நாடு போன்றது என்று அவர் ஒப்பிட்டார். உயிரியலிலும் அரசியலைக் கண்டவர் என்று சிரிக்கத் தோன்றுகிறது.

1859இல் பெர்லின் நகரசபைக்குத் தெரிவானார். மரணம் வரை, நாற்பத்து மூன்று ஆண்டுகள் அந்த ஆசனத்தில் இருந்தார். உலகப் புகழ்பெற்ற பேராசிரியர் ஒருவர் நகரசபைக் கூட்டத்தில் உட்கார்ந்து வடிகானைப் பற்றி விவாதித்துக்கொண்டிருப்பதைக் கற்பனை செய்துபாருங்கள். அவர் செய்த எல்லாவற்றிலும் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

அன்றைய பெர்லின் நாற்றமெடுத்த நகரம். தெருவோரத் திறந்த கான்களில் கழிவுநீர் ஓடியது. வீட்டுமுற்றங்களில் மலக்குழிகள். கிராமங்களிலிருந்து தொழில் தேடி மக்கள் வந்து குவிந்துகொண்டிருந்தார்கள். நிலக்கீழ் அறைகளிலும் குடும்பங்கள் வாழ்ந்தன. 1866இல் கொலரா ஆயிரக்கணக்கானவர்களைப் பலிகொண்டது. கழிவை என்ன செய்வது என்பதில் பெரிய சண்டை. குழாய்கள் மூலம் ஷ்பிரே ஆற்றில் விடலாம் என்றனர் சிலர். வாளிகளில் எடுத்து வண்டியில் ஏற்றி வயலுக்குக் கொண்டுபோகலாம் என்றனர் வேறு சிலர். செலவு எங்கள் தலையில் விழும் என்று வீட்டுச் சொந்தக்காரர்கள் எதிர்த்தனர். இதை ஆராயும் குழு விர்ச்சோவின் பொறுப்பில் வந்தது. அவர் அவசரப்படவில்லை. நகரின் மரணப் பதிவுகளை எடுத்து, எந்தப் பகுதியில், எந்த மாதத்தில், எந்த வயதினர், எந்த நோயால் இறந்தனர் என்று பார்த்தார். நிலத்தடி நீரின் மட்டம் ஏறி இறங்குவதையும் அதனோடு ஒப்பிட்டார். ஆண்டுக்கணக்கில் நடந்த ஆய்வின் முடிவில், பொறியியலாளர் ஜேம்ஸ் ஹோப்ரெக்டின் திட்டத்தை ஆதரித்தார். நகரைப் பன்னிரண்டு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் கழிவுநீரையும் நிலக்கீழ்க் குழாய்களால் ஓரிடத்தில் சேர்த்து, அங்கிருந்து பம்பிகளின் மூலம் நகருக்கு வெளியே உள்ள வயல்களுக்கு அனுப்பும் திட்டம் அது. ஆறும் தப்பியது. வயலில் மரக்கறியும் விளைந்தது. 1873இல் வேலை தொடங்கியது. முழு நகரமும் இணைய இருபது வருடமளவில் எடுத்தது.

இதே காலத்தில் இன்னும் பல வேலைகள். 1874இல் ஃபிரிட்ரிக்ஸ்ஹைனில் நகரசபை திறந்த முதல் பொது வைத்தியசாலைக்குப் பின்னால் அவர் இருந்தார். பன்றி இறைச்சியில் காணப்படும் டிரிக்கினெல்லா என்ற நுண்ணிய புழு மனிதரைக் கொல்லும் என்பதை விளக்கி, இறைச்சியை நுணுக்குக்காட்டியால் பரிசோதித்த பின்னரே விற்க வேண்டும் என்று பல வருடம் போராடினார். பன்றி இறைச்சியை நாம் தொடுவதில்லை. ஆனால் சந்தையில் விற்கும் எந்த உணவையும் ஓர் அதிகாரி பரிசோதிக்க வேண்டும் என்ற இன்றைய வழக்கம் இப்படியான போராட்டங்களால் வந்ததுதான். பாடசாலைகளையும் அவர் விடவில்லை. மாணவரின் உடல்நலத்துக்குப் பாடசாலையே செய்யும் கெடுதிகளைப் பற்றி 1869இல் எழுதினார். கிட்டப்பார்வை, தலைவலி, மூக்கால் இரத்தம் வடிதல், முதுகெலும்பு வளைதல் ஆகியவை அதில் வருகின்றன. வெளிச்சம் குறைந்த வகுப்பறையில், உயரம் பொருந்தாத மேசையில், புத்தகப் பையின் பாரத்தோடு இதை வாசிக்கும் தோழிகள் அவரை ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம்.

பாராளுமன்றத்திலும் அவர் இருந்தார். பிரதமர் பிஸ்மார்க்கின் செலவுகளைக் கேள்வி கேட்டதால் 1865இல் பிஸ்மார்க் அவரை இருவர் சண்டைக்கு அழைத்தார். விர்ச்சோ மறுத்துவிட்டார். ஆயுதத்தைத் தெரிவு செய்யும் உரிமை தனக்கிருந்ததால், புழு நிறைந்த ஒரு கொத்திறைச்சிச் சுருளையும் நல்ல சுருளையும் வைத்து, உங்களுக்கு வேண்டியதைச் சாப்பிடுங்கள் என்று அவர் சவால் விட்டதாக ஒரு கதை உலாவுகிறது. நல்ல கதைதான். ஆனால் பின்னால் யாரோ கட்டிய கதை என்றே தெரிகிறது.

1870களில் அவர் வழிநடத்திய ஆய்வொன்று அளவில் மலைக்கவைப்பது. ஜேர்மனிய இனம் என்று தனியாக ஒரு தூய இனம் இருக்கிறதா என்ற பேச்சு அப்போது சூடாக நடந்துகொண்டிருந்தது. ஆசிரியர்கள் மூலம் ஏறத்தாழ 67 இலட்சம் பாடசாலைப் பிள்ளைகளின் முடி, கண், தோல் நிறங்களைப் பதிவுசெய்வித்தார். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் கலப்பான நிறங்களைக் கொண்டிருந்தனர். யூதப் பிள்ளைகளிலும் பத்தில் ஒருவருக்கு மேல் பொன்னிற முடியும் நீலக் கண்ணும் உடையவர்களாக இருந்தனர். தூய இனம் என்பது வெறும் பேச்சு என்பதை எண்களே சொல்லின. எண்கள் சொன்னதை அந்த நாடு கேட்கவில்லை என்பதை இருபதாம் நூற்றாண்டு வரலாற்றில் படிக்கிறோம்.

இந்தக் கணக்கெடுப்பின்போது வேடிக்கையான, ஆனால் யோசிக்கவைக்கும் ஒரு சம்பவமும் நடந்தது. கிழக்கில் போலிஷ் மக்கள் வாழ்ந்த பகுதிகளில் ஒரு வதந்தி கிளம்பியது. பிரஷ்ய அரசர் துருக்கி சுல்தானுடன் சீட்டாடி நாற்பதாயிரம் பொன்முடிப் பிள்ளைகளைத் தோற்றுவிட்டார், அதற்காகத்தான் பிள்ளைகளின் முடிநிறத்தை எழுதுகிறார்கள், மூடிய வண்டிகள் வந்து அள்ளிக்கொண்டு போகப்போகின்றன என்பதே அந்த வதந்தி. தாய்மார் பாடசாலைக்கு ஓடிப் பிள்ளைகளைக் கூட்டிச் சென்றனர். நம் சுல்தானின் பெயர் இதற்குள் வந்ததை நினைத்து முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. அரசாங்கம் என்றால் எடுத்துக்கொள்ளத்தான் வரும், கொடுக்க வராது என்று பழகிய மக்களிடம் காரணம் சொல்லாமல் ஒரு படிவத்தோடு போனால் வேறென்ன நடக்கும்? முப்பது வருடங்களுக்கு முன் இதைத்தான் அவர் தம் அறிக்கையில் எழுதியிருந்தார். இம்முறை படிவத்தை அனுப்பியவர் அவராகவே இருந்தார்.

அவருக்கும் எங்கள் நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதை அறிந்தபோது ஆச்சரியப்பட்டேன். 1881இல் அவர் இலங்கை வேடர்களைப் பற்றி ஒரு நீண்ட ஆய்வை வெளியிட்டார். ஆனால் அவர் இலங்கைக்கு வந்ததே இல்லை. மண்டையோடுகளை அளந்தும், மற்றவர்கள் எழுதியதைப் படித்தும் அந்த நூலை எழுதினார். உலகின் பல பாகங்களிலிருந்தும் பயணிகள் மூலம் மண்டையோடுகளைத் தருவித்துச் சேர்ப்பது அவருக்கு வழக்கமாக இருந்தது. அவை யாருடைய உம்மாவின், யாருடைய பிள்ளையின் எலும்புகள் என்று அந்தக் காலத்து அறிஞர்கள் கேட்கவில்லை. சோராவின் குடிசைக்குள் குனிந்து நுழைந்து அடுப்படியில் என்ன வேகிறது என்று பார்த்த அதே மனிதர், வேடர்களின் விடயத்தில் அளவுகோலுடன் நின்றுவிட்டாரே என்று எனக்கு வருத்தமாகவே இருந்தது.

அவருக்கு வேறு தவறுகளும் உண்டு. பிரசவ அறைக்குள் நுழையுமுன் வைத்தியர்கள் கைகழுவினால் தாய்மார் சாகமாட்டார்கள் என்று செம்மெல்வைஸ் மன்றாடியபோது, எதிர்த்தவர்களின் வரிசையில் விர்ச்சோவும் இருந்தார். அவருடைய சொல்லுக்கு இருந்த மதிப்பை நினைத்தால், அந்த எதிர்ப்பு எத்தனை தாய்மாரைப் பாதித்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. ரொபேர்ட் கொக் 1882இல் காசநோயின் பக்டீரியாவைக் கண்டறிந்து அறிவித்தபோதும் அவர் உற்சாகம் காட்டவில்லை. எல்லாப் பழியையும் ஒரு கிருமியின் மேல் போட்டுவிட்டால், வறுமையைப் பற்றியும் வீடுகளைப் பற்றியும் பேச ஆளிருக்காது என்று அவர் அஞ்சியதாகச் சொல்கிறார்கள். அந்தப் பயத்தில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் கிருமியும் உண்மைதானே. நிக்கோலின் பேனையும் விர்ச்சோவின் குடிசையையும் சேர்த்துப் பார்த்தால்தான் டைபஸ் முழுமையாக விளங்குகிறது.

1879இல் தொல்பொருள் ஆய்வாளர் ஷ்லீமனுடன் துருக்கிக்குச் சென்று, ட்ரோய் நகரம் புதைந்திருந்த மேட்டில் அகழ்வுக்கு உதவினார். ஓய்வுக்காகச் சென்றவர் அங்கும் ஓயவில்லை. பெர்லினிலிருந்து பெரிய வைத்தியர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுச் சுற்றுக்கிராமங்களிலிருந்து நோயாளிகள் வரத் தொடங்கினர். மண் தோண்டும் நேரம் போக மீதி நேரத்தில் அவர்களைப் பார்த்தார்.

1901இல் அவருடைய எண்பதாவது பிறந்தநாளைப் பெர்லின் பெருவிழாவாகக் கொண்டாடியது. பல நாடுகளிலிருந்து அறிஞர்கள் வந்தனர். அதற்குப் பின்னும் அவர் ஓய்வெடுக்கவில்லை. 1902 ஜனவரி 4ஆம் திகதி கூட்டமொன்றுக்குப் போகும் அவசரத்தில், ஓடிக்கொண்டிருந்த ட்ராம் வண்டியிலிருந்து குதித்து விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டார். அதிலிருந்து அவர் முழுதாக எழும்பவில்லை. செப்டெம்பர் 5ஆம் திகதி காலமானார். நகரசபை தன் செலவில் அவரை அடக்கம் செய்தது. அவர் பெயரைத் தாங்கிய வைத்தியசாலை 1906இல் திறக்கப்பட்டது.

இரண்டாம் உலகப்போரின் பின் எல்லைகள் மாறின. அவர் பிறந்த ஷிவெல்பைனும், இருபத்தாறு வயதில் தங்கியிருந்த சோராவும் இப்போது போலந்து நாட்டுக்குள் இருக்கின்றன. ஷ்விட்வின், ஸோரி என்பவை அவற்றின் இன்றைய பெயர்கள். இரண்டு ஊர்களிலும் வைத்தியர் நோயாளியிடம் போலிஷ் மொழியில்தான் பேசுகிறார்.